கல்லில் இல்லாத நட்சத்திரம்

முன்குறிப்பு: நான் படிப்பது பி.காம். கல்வெட்டியலுக்கும் எனக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் கிடையாது. போன மாதம் நான் செய்த ஒரு தப்பில் ஆரம்பித்த கட்டுரை இது. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பழைய கோவிலுக்குப் போவோம். ஆராய்ச்சி எல்லாம் இல்லை. காலையில் கிளம்பி, பார்த்து, சாப்பிட்டு, திரும்புவது. முதல் தடவை வல்லம் போனோம். செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே குன்றில் குடைந்த பல்லவர் காலக் குகைக்கோவில். மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வசந்தப்பிரியர் என்ற சிற்றரசரின் மகன் கந்தசேனன் அதைச் செய்வித்தான் என்று அங்கே தமிழிலேயே பொறித்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுத் தமிழ். தினமும் பஸ்ஸில் போகிற ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது இருபது வருஷம் எனக்குத் தெரியாது!

அந்த ஜோரில் அடுத்த தடவைக்கு ஒரு கைத்தாள் தயார் செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிவன் கோவில். (எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. குருக்கள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.) அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்றின் பாடம் பழைய தொகுதி ஒன்றில் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டினேன். எனக்கு எதையும் மார்க்டவுனில் எழுதித்தான் பழக்கம். ஒரு பட்டனைத் தட்டினால் அழகான பிடிஎஃப் வந்துவிடும். வந்தது. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் தமிழ் எழுத்தெல்லாம் காற்றடித்த மாதிரி சாய்ந்து நின்றது. ஃபாண்ட் கோளாறு என்று நினைத்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து சாய்வை எடுத்துவிட்டு, 40 பிரதி எடுத்தேன்.

கோவிலில் அந்த ஊர் அண்ணன் ஒருவர் ஒரு தாளை வாங்கிப் படித்தார். கல்வெட்டின் நடுவில் ஓர் ஊர்ப் பெயர் வருகிறது. பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊரின் பெயர்! அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆயிரம் வருஷமா எங்க ஊரு இருக்குதா? ஆடித் திருவிழா பேனர்ல போட்டுடறேம்பா" என்று நான்கு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அரை மணி நேரம் கழித்து, எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் டார்ச்சைச் சாய்வாக அடித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இங்க வா. நீ போட்டிருக்கிற ஊர்ப் பேருல முதல் மூணு எழுத்து இங்க எங்க இருக்கு?"

இல்லை. கல் அந்த இடத்தில் பொரிந்து போயிருந்தது. எழுத்தின் தடம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து தொகுதியின் ஸ்கேனைத் திறந்தேன். அந்த மூன்று எழுத்துகளும் பகர அடைப்புக்குள் இருந்தன. அதாவது [ ] இந்த அடைப்பு. அதற்குள் எழுத்தோடு ஒட்டி ஒரு சின்ன நட்சத்திரம். தட்டும்போது நானும் ஒழுங்காக நட்சத்திரம் போட்டிருந்தேன். பிடிஎஃப்பில் அடைப்பு இருந்தது, நட்சத்திரம் இல்லை. அதைத் தின்றது மார்க்டவுன். சாய்ந்த எழுத்துதான் ஏப்பம்!

அந்த நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று அதன் பிறகுதான் தேடினேன். தேடக் கிடைத்த கதைதான் மீதிக் கட்டுரை.

கல்வெட்டைப் படிப்பது என்றால் நேரே கல்லைப் பார்த்துப் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மையொற்றி எடுப்பார்கள். மைப்படி என்று பெயர். குழியில் மை படாது, மேட்டில் படும். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக வரும். அதை மேஜையில் விரித்துப் படிப்பார்கள். ஆனால் பழைய கல்வெட்டில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. பெரும்பாலும் புள்ளி கிடையாது, எகர ஏகார வித்தியாசம் கிடையாது. இதில் ஆயிரம் வருஷ மழையும், சுண்ணாம்புப் பூச்சும், திருப்பணி என்ற பெயரில் நடந்தவையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே படிக்கிறவர் அச்சில் தருவது இரண்டு குரல்களின் கலவை. ஒன்று கல்லின் குரல். இன்னொன்று படித்தவரின் குரல். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும், ஆனால் ஒரே வரியில் ஒரே எழுத்தில் அச்சடிக்க வேண்டும். இதுதான் சிக்கல். கலர் கிடையாது. அச்சுக் கோப்பவரின் பெட்டியில் எப்போதும் கிடக்கும் சில்லறைக் குறிகள்தான் கைவசம்: பகர அடைப்பு, பிறை அடைப்பு, நட்சத்திரம், சிறுகோடு.

நம் பக்கத்தில் இந்த வேலை தொடங்கியது மாமல்லபுரத்தில். பெஞ்சமின் கய் பாபிங்டன் என்பவர் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி எழுதிய கட்டுரை லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் வெளியீட்டில் 1830இல் வந்தது. பல்லவர் கிரந்த எழுத்துகளை அடையாளம் கண்டு அட்டவணை போட்டவர் அவர். பிறகு கேப்டன் கார் என்பவர் அதுவரை 'ஏழு கோவில்கள்' பற்றி வந்த கட்டுரைகளை எல்லாம் தொகுத்து 1869இல் சென்னையில் புத்தகம் போட்டார். அதற்கும் பிறகு, 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு ஆய்வாளராக வந்தவர் ஜெர்மானியரான யூஜென் ஹுல்ட்ஷ். அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. மாமல்லபுரத்துப் பல்லவர் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. நம் வல்லம் இரண்டாம் தொகுதியில் வருகிறது. இருபது வருஷம் கழித்து, எபிகிராஃபியா இண்டிகாவின் 10ஆம் தொகுதியில் (1909-10) மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளை மறுபடியும் எடுத்துப் பதிப்பித்தார். ஒருமுறை முடித்த வேலையை அந்த மனிதர் திரும்பப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நான் 40 பிரதி எடுக்கும் முன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அந்தத் தொகுதிகளிலும் அவற்றைப் பின்பற்றிய இந்தியப் பதிப்புகளிலும் நிலைபெற்ற வழக்கம் இதுதான். எழுத்து தேய்ந்திருக்கிறது, சந்தேகம், ஆனால் தடம் இருக்கிறது என்றால் பகர அடைப்பு. கல்லில் இருப்பது எழுதியவனின் பிழை, சரி இதுவாக இருக்க வேண்டும் என்றால் அந்த எழுத்தை ஒட்டிப் பிறை அடைப்பில் திருத்தம். கல்லில் எழுத்தே இல்லை, நான்தான் சேர்க்கிறேன் என்றால் பகர அடைப்புக்குள் எழுத்தும் கூடவே நட்சத்திரமும்.

இப்போது என் தப்பின் அளவு புரிகிறதா? அடைப்பு மொத்தமாகப் போயிருந்தால்கூட 'இவன் அரைகுறை' என்று விட்டிருக்கலாம். அடைப்பு நின்று நட்சத்திரம் மட்டும் போனதால் 'கல்லில் இல்லை' என்பது 'கல்லில் இருக்கிறது, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது' என்று மாறிவிட்டது. ஹுல்ட்ஷ் காலத்திலிருந்து வரும் இலக்கணப்படி அது தெளிவான பொய். அதைச் சொன்னது என் கைத்தாள்.

சேர்த்த எழுத்து எல்லாமே வெறும் ஊகமா என்றால், இல்லை. இங்கேதான் மாமல்லபுரம் நல்ல பாடம். கணேச ரதத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதே கல்வெட்டு, அதே சுலோகங்கள், தர்மராஜ மண்டபத்திலும் பொறித்திருக்கிறது. ஓரிடத்தில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தால் இன்னோரிடத்தில் போய்ப் பார்த்துவிடலாம். கணக்குப் பாடத்தில் பாங்க் பாஸ்புக்கையும் நம் ரொக்கப் புத்தகத்தையும் வைத்து ஒத்துப்பார்க்கிறோமே, அது மாதிரி! ருத்திரன் குடியிராத மனத்தவரைச் சபிக்கும் அதன் கடைசிச் சுலோகம் ராமானுஜ மண்டபத்திலும் இருக்கிறது. வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட குகைக்கோவிலில் இன்னும் வேடிக்கை. ஒரே வாசகம், ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்தில், எதிர்ச்சுவரில் நாகரி எழுத்தில். ஒரே ஃபைலை இரண்டு ஃபாண்டில் சேவ் செய்து வைத்த மாதிரி. ஒரு லிபி தெரியாதவன் இன்னொன்றைப் படிக்கட்டும் என்று நினைத்தார்களா, வேறு காரணமா, அந்த ராஜாவுக்குத்தான் வெளிச்சம்.

இப்படி ஜோடி உள்ள கல்வெட்டில் நட்சத்திரம் போட்ட எழுத்து கிட்டத்தட்ட உறுதி. சுலோகம் என்றால் யாப்பும் உதவிக்கு வரும், இத்தனை மாத்திரைக்குள் இந்த எழுத்துதான் அடங்கும் என்று. ஆனால் கிராமத்துக் கோவிலில் நிலதானம் எழுதிய உரைநடைக் கல்வெட்டுக்கு ஜோடியும் இல்லை, யாப்பும் இல்லை. அங்கே ஓர் ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போடுவது என்றால், பக்கத்து ஊர்களின் பெயரைப் பார்த்து, மிச்ச எழுத்தோடு பொருத்தி, 'இதுவாக இருக்கலாம்' என்று வைப்பதுதான். நியாயமான ஊகம், ஆனாலும் ஊகம். புதிய சான்று வந்தால் மாற வேண்டியது. அதே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் திருவீழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோவிலைச் சொல்லின. 2005இல் தொல்லியல் துறை தோண்டியபோது கோவிலே கிடைத்தது. ஊர்ப் பெயர் ஒரு பாறையில் ஒழுங்காக நின்றால் கோவிலையே தேடிப் பிடிக்க முடிகிறது. எழுத்துக்கு அவ்வளவு விலை இருக்கிறது.

சரி, நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? ரொம்பப் பழைய சமாச்சாரம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் அரிஸ்தார்கஸ் என்ற அறிஞர் ஹோமரின் காவியங்களைப் பிழை பார்க்கும்போது ஓரத்தில் குறிகள் போட்டார். சந்தேக வரிக்கு ஒரு கோடு. வேறோர் இடத்தில் திரும்ப வரும் வரிக்கு நட்சத்திரம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பைபிளின் கிரேக்க மொழிபெயர்ப்பை எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டபோது, கிரேக்கத்தில் விட்டுப்போனதைச் சேர்த்த இடத்தில் நட்சத்திரம் வைத்தார். சேர்த்த பகுதி எங்கே முடிகிறது என்று காட்ட இன்னொரு குறியும் வைத்தார். தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று! எச்டிஎம்எல் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 'இது மூலத்தில் இல்லை, நான் சேர்த்தது' என்று நட்சத்திரம் சொல்ல ஆரம்பித்து 1,700 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஆனால் குறி ஒன்றுதான், அர்த்தம் ஊருக்கு ஊர் வேறு. 1931இல் ஹாலந்தின் லைடனில் அறிஞர்கள் கூடி, கிரேக்கப் பாப்பிரஸ்களையும் கல்வெட்டுகளையும் பதிப்பிக்க ஒரு பொது வழக்கம் வகுத்தார்கள். அதில் பகர அடைப்புக்கு அர்த்தம், அழிந்துபோய்ப் பதிப்பாசிரியர் நிரப்பியது. நம் தொகுதிகளில் பகர அடைப்பு மட்டும் வந்தால் எழுத்து இருக்கிறது, சந்தேகம். அவர்களிடம் அதே அடைப்பு வந்தால் எழுத்து இல்லவே இல்லை. ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்து நம் தொகுதியைத் திறக்கிறவர் முன்னுரையைத் தாண்டினால் ஏமாந்தார்.

எங்கள் வணிகவியலில் பிறை அடைப்புக்கு வேறு அர்த்தம். இருப்புநிலைக் குறிப்பில் (5,000) என்று இருந்தால் நஷ்டம், மைனஸ். முதலாண்டில் ஒரு நண்பன் அதை ஏதோ விளக்கம் என்று நினைத்துக் கூட்டிவிட்டான். கல்வெட்டுக்காரர் அதைத் திருத்தம் என்று படிப்பார். தமிழ் வாத்தியார் விளக்கம் என்று படிப்பார். குறிகள் என்றதும் இன்னொன்று. நம் பழைய கணக்குகளில் வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸ என்று ஒற்றைக் குறிகளே இருந்தன. 2003இல் யூனிகோடிலும் சேர்த்தார்கள். பி.காம் வகுப்பில் இதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை!

இப்போது மார்க்டவுன் பக்கம் வருவோம். வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தைக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்தாக வருகிறதல்லவா, அந்த இனம்தான். வேர்டு மாதிரி பட்டன் கிடையாது. வெறும் உரையில் தலைப்புக்கு முன்னால் # போடுவது, பட்டியலுக்குச் சிறுகோடு, அழுத்திச் சொல்ல நட்சத்திரம். மாற்றும் நிரல் இவற்றைப் பார்த்து அழகாக வடிவமைத்துக் கொடுக்கும். மாற்றாமல் அப்படியே படித்தாலும் படிக்க வரும். அதுதான் அதன் நோக்கமே.

இதை 2004இல் வெளியிட்டவர் ஜான் குரூபர் என்ற அமெரிக்கர். உடன் யோசனை சொன்னவர் ஏரன் ஸ்வார்ட்ஸ். அப்போது அவருக்கு 17 வயது! (2013இல் அவர் இறந்துபோனார். அவர் கதை தனிக் கட்டுரை.) # குறியில் தலைப்பு வைக்கும் யோசனையை ஸ்வார்ட்ஸ் ஏற்கெனவே 2002இல் தன் சொந்த வடிவம் ஒன்றில் செய்து பார்த்திருந்தார். அதற்கும் முன்னால் 1992 வாக்கில் செடெக்ஸ்ட் என்று ஒன்று மின்னஞ்சலில் வரும் ஒரு பத்திரிகைக்காக உருவானது. இவர்கள் யாரும் குறிகளைக் கண்டுபிடிக்கவில்லை. மின்னஞ்சலில் கலரும் சாய்வும் போக வழியில்லாத காலத்தில், எழுதுகிறவர்கள் தாங்களாகவே வார்த்தையைச் சுற்றி நட்சத்திரம் வைத்து அழுத்திச் சொல்லப் பழகியிருந்தார்கள். அதையே எடுத்து விதியாக்கினார் குரூபர். ஹுல்ட்ஷுக்கு அச்சுக்கோப்புப் பெட்டி, இவர்களுக்குக் கீபோர்டு. இரண்டிலும் கையில் கிடைத்த சில்லறை அதேதான்.

வெறும் உரைக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கிறவர்கள், தமிழில் கம்ப்யூட்டர் வந்த காலத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபாண்டுக்கும் ஒரு எழுத்து வரிசை. ஒருவர் தட்டியதை இன்னொருவர் திறந்தால் கோழி கிளறிய மாதிரி தெரியும். டிஸ்கி வந்தது, 1999இல் டாம், டாப் வந்தன, 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இத்தனை குழப்பத்துக்கு நடுவே 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்நின்றார்கள். உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் பிழை பார்த்தார். முதல் எண் திருக்குறளுக்கு. முதலில் டிஸ்கியில் வந்தவை பிறகு யூனிகோடுக்கு மாறின. மாற முடிந்தது, ஏனென்றால் உள்ளே இருந்தது எழுத்துதான், படம் இல்லை. அதனால்தான் நானும் எல்லாவற்றையும் வெறும் உரையில் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கொள்கையில் இன்னும் மாற்றமில்லை.

ஆனால் கல்வெட்டுப் பாடத்தை மார்க்டவுனில் அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்று இந்தச் சம்பவத்துக்குப் பிறகு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். திகிலாக இருந்தது.

முதலில் நட்சத்திரம். குரூபரின் மூல நிரலில் ஒரு பத்திக்குள் இரண்டு நட்சத்திரம் வந்தால், நடுவில் இருப்பது அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். [ம*] என்று ஓரிடத்திலும் [ல*] என்று இன்னோரிடத்திலும் வந்தால் இரண்டு நட்சத்திரமும் மறைந்து நடுவில் உள்ளது எல்லாம் சாய்ந்துவிடும். என் கைத்தாளில் நடந்தது அதே. மார்க்டவுனுக்கு ஆளுக்கொரு விதி இருந்ததால் 2014இல் காமன்மார்க் என்று சீரான விதிகள் எழுதினார்கள். அதில் எழுத்தை ஒட்டி வரும் இந்த நட்சத்திரம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் சுலோகத்தின் முடிவில் கல்லில் விட்டுப்போன இரட்டைக் கோட்டைச் சேர்க்கும்போது [||*] என்று போடுவார்கள். அங்கே நட்சத்திரத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிறுத்தக்குறியே இருப்பதால் புதிய விதியிலும் மாட்டிக்கொள்கிறது. ஆக, மாமல்லபுரத்துச் சுலோகங்களைப் பதினொன்று தட்டினால் எது சாயும் எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாவது இன்னும் மோசம். தேய்ந்த எழுத்து ஒன்றுக்குத் திருத்தமும் இருந்தால் [க](கா) என்று அச்சாகும். பகர அடைப்பை ஒட்டிப் பிறை அடைப்பு. மார்க்டவுனில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? லிங்க்! 'க' என்ற எழுத்து நீல நிறத்தில் கீழே கோடு போட்டு வரும். 'கா' என்ற திருத்தம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், அது வலைமுகவரியாம். அச்சடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், திருத்தம் காணாமல் போய்ப் பிழை மட்டும் நிற்கும்.

அப்புறம் வரிகள். கல்லில் எத்தனையாவது வரி என்பது ஒரு முகவரி. சுவருக்கு முன்னால் நின்று எண்ணிப் பார்ப்பதற்கே அது. மார்க்டவுன் அடுத்தடுத்த வரிகளை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். சரி என்று நான் எண் போட்டு எழுதினால் அதைப் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளும். பழைய நிரலில் 14ஆம் வரியிலிருந்து நான் ஆரம்பித்தால் அது தன் இஷ்டத்துக்கு 1 என்று எண் போடும். 14ஆம் வரியைத் தேடிப் போகிறவர் முதல் வரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு \ போட்டால் அதை அப்படியே விட்டுவிடும். அல்லது பாடம் முழுவதையும் நான்கு இடம் உள்ளே தள்ளி எழுதினால் நிரல் என்று நினைத்துக் கை வைக்காது. குரூபர் 2004லேயே இவை இரண்டையும் வைத்திருக்கிறார். படிக்காதது என் குற்றம்.

படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கிரேக்கப் பாப்பிரஸ்காரர்கள் லைடன் வழக்கத்தையே ஒரு வெறும் உரைக் குறியீட்டு மொழியாக மாற்றிவிட்டார்கள். பெயர் லைடன் பிளஸ். பழகிய அடைப்புகளைத் தட்டினால் போதும், பின்னால் நிரல் அதை எபிடாக் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றும். எபிடாக்கில் 'தேய்ந்தது', 'அழிந்ததை நிரப்பியது', 'திருத்தம்' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரே உண்டு. அடைப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டிய வேலை இல்லை. யார் நிரப்பினார், எவ்வளவு உறுதி என்பதைக்கூடச் சேர்த்து எழுதலாம். 2019இல் ஐரோப்பிய நிதியில் தொடங்கிய தர்மா என்ற திட்டத்தில் தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை இந்த வடிவத்தில் ஏற்றினார்கள். பல்லவர் கல்வெட்டுகளில் வேலை செய்த எம்மானுவேல் ஃபிரான்சிஸ் அதன் தலைமைக் குழுவில் ஒருவர். ஹுல்ட்ஷின் நட்சத்திரம் அங்கே பெயரோடு இருக்கிறது, ஒரு பட்டனும் அதைத் தின்ன முடியாது.

எனக்கு எபிடாக் எழுதும் அளவுக்குப் பொறுமை இல்லை. மார்க்டவுனிலேயே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பின்சாய்கோடு போட்டு, பிறை அடைப்புக்கு முன் ஓர் இடைவெளி விட்டு, வரி எண்களைப் பகர அடைப்பில் வைத்து, அந்தக் கைத்தாளைத் திரும்ப அடித்தேன். மேலே நான்கு வரியில் எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்றும் போட்டேன். தமிழாசிரியர் ஐயாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அந்த மூன்று எழுத்தை மட்டும் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

பேனர் அண்ணனைப் பார்க்கத்தான் தயக்கமாக இருந்தது. ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் கடைக்குப் போனேன்.

"அண்ணா, அந்தத் தாள்ல ஒரு தப்பு. உங்க ஊர்ப் பேருல முதல் மூணு எழுத்து கல்லுல இல்ல. புத்தகம் போட்டவர் சேர்த்தது. நான் அடிச்சதுல அது தெரியாம போச்சு."

"அப்ப அது எங்க ஊரு இல்லையா?"

"இருக்கலாம் அண்ணா. அவரு அப்படித்தான் நினைச்சிருக்காரு. கடைசி ரெண்டு எழுத்து கல்லுல தெளிவா இருக்கு. ஆனா அதே மாதிரி முடியற ஊரு இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு மூணு இருக்கே."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எந்த ஊர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதில் ஒரு பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கியது. ஏரித் தண்ணீர் விவகாரத்தில் அந்த ஊரோடு இவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறதாம்.

திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தேன். பேனரில் அந்த வரியை அவர் எடுக்கவில்லை. 'ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்வெட்டில் குறிப்பிடப்பட்டதாகக் கருதப்படும்' என்று மாற்றி, அதற்குக் கீழே ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கூடுதல் வார்த்தைக்குக் காசு கேட்கவில்லையாம். எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள், வெங்காயத்தோடு.

பின்குறிப்பு: பழைய கைத்தாளின் 40 பிரதியில் 31ஐத் திரும்ப வாங்கிவிட்டேன். மீதி 9 யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் மக்களே. அடுத்த ஞாயிறு மாமல்லபுரம். கணேச ரதத்தையும் தர்மராஜ மண்டபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க ஆள் தேவை. டார்ச் கொண்டு வாருங்கள்.